படமெடுக்குமுன் ஒரு நிமிடம்



காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது கையில் ரொட்டியும் பழமும் கொண்டுபோகிறோம். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். ஆனால் மனம் சோர்ந்து, யாரோடும் பேசாமல், நாள்முழுதும் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது எதைக் கொண்டுபோவது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

இந்த இதழின் பாடம், அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும், நமக்கும் உதவக்கூடிய ஒரு சிறிய பழக்கத்தைப் பற்றியது. அதற்கு அதிகச் செலவில்லை. தேவையான கருவி இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. செல்போனில் உள்ள காமிராவைத்தான் சொல்லுகிறோம். நிதானமாகவும் கவனத்தோடும் படமெடுப்பது மனநலத்துக்கு எவ்விதத்தில் துணைசெய்கிறது, எந்த இடத்தில் அது போதாது, அதே காமிராவை ஒரு நோயாளியின் பக்கம் திருப்பும்போது எதை மறக்கக்கூடாது என்பவற்றை வரிசையாகப் படிப்போம்.

1. தேவை எவ்வளவு பெரியது?

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 10 பேர் ஏதாவதொரு மனநலக் கோளாறோடு வாழ்ந்துவருகிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். வெட்கம் ஒரு காரணம். மருத்துவர் அருகில் இல்லாதது ஒரு காரணம். "இது நோயே இல்லை, மனபலம் இல்லாததுதான்" என்று வீட்டாரே சொல்லிவிடுவது இன்னொரு காரணம்.

மனச்சோர்வில் இருப்பவருடைய மனம் எப்படி வேலைசெய்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது. செக்குமாடு ஒரே வட்டத்தில் சுற்றுவதுபோல, அவருடைய நினைவு ஒரே இடத்தைச் சுற்றிவருகிறது. "நான் அன்றைக்கு அப்படிச் செய்யாதிருந்தால்", "என்னால் எல்லோருக்கும் பாரம்", "நாளைக்கு என்ன ஆகுமோ" என்று அதே எண்ணங்கள் மறுபடியும் மறுபடியும் வருகின்றன. கண் திறந்திருந்தும் எதிரேயுள்ளது தெரிவதில்லை. முற்றத்தில் செம்பருத்தி பூத்திருந்தாலும் அது அவருக்குப் பூக்கவில்லை.

நோயில்லாதவர்களுடைய மனமும் அலைகிறதுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் 2010ஆம் ஆண்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் செல்போன் வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில், "இப்பொழுது என்ன செய்கிறீர்கள்? உங்கள் நினைவு அதிலே இருக்கிறதா? மனநிலை எப்படி?" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம், கை ஒன்றைச் செய்ய மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி மனம் வேறெங்கோ இருந்த நேரங்களில் மக்கள் குறைவான மகிழ்ச்சியோடு இருந்தார்கள்.

ஆகவே, அலையும் மனதை இப்பொழுது இங்கே இருப்பதன்மேல் மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்துவது எவருக்கும் பிரயோஜனமான பயிற்சி. ஜான் கபாட்-சின் என்பவர் 1979ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியால் வருந்தும் நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட கவனப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இன்று உலகின் பல மருத்துவமனைகளில் அது நடைபெறுகிறது. ஆனால் கண்ணை மூடி அமர்ந்திருப்பது எல்லோருக்கும் கூடிவருவதில்லை. கண்ணை மூடியதும் பயங்கள் பெருகிவருகிற சிலரும் உண்டு. அவர்களுக்குக் கண்ணைத் திறந்து செய்யும் பயிற்சி எளிதாயிருக்கக்கூடும். காமிரா அங்கேதான் உதவிக்கு வருகிறது.

2. ஒரே ஜன்னலை 14 ஆண்டுகள் பார்த்தவர்

யோசப் சூடெக் என்பவர் 1896ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டிலுள்ள கோலின் என்ற ஊரில் பிறந்தார். புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டார். முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டு, இத்தாலியப் போர்முனையில் காயப்பட்டார். அவருடைய வலது கை தோளோடு அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு 20 வயது. மருத்துவமனைகளில் நீண்டகாலம் கிடந்தார். ஒற்றைக் கையால் இனி புத்தகம் கட்ட முடியாது. ஊனமுற்ற வீரர்களுக்கான சிறிய ஓய்வூதியமே கையிலிருந்தது.

அந்த நாட்களில் அவர் காமிராவைக் கையிலெடுத்தார். 1922ஆம் ஆண்டு பிராக் நகரத்தில் புகைப்படக் கலையை முறையாகப் படிக்கச் சேர்ந்தார். போரில் ஊனமடைந்தவர்கள் தங்கியிருந்த இல்லத்திலேயே, தன்னைப்போன்ற மனிதரை அவர் படமெடுத்தார். 1926ஆம் ஆண்டு இசைக்குழு நண்பர்களோடு இத்தாலிக்குப் போனபோது, அவர்களை விட்டுப் பிரிந்து, தன் கையை இழந்த இடத்தைத் தேடிப்போனதாக அவரே பின்னாளில் சொன்னார். இடத்தைக் கண்டார். இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை. அதன்பின் அவர் பிராக் நகரத்தில் தன் வேலையோடு இருந்துவிட்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர் அந்த நகரத்தைப் பிடித்திருந்தார்கள். வெளியே காமிராவோடு நடமாடுவது கடினமாயிற்று. 1940ஆம் ஆண்டு முதல் சூடெக் தன் சிறிய படக்கூடத்தின் ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனி, வழியும் மழைத்துளி, அப்பால் தோட்டத்தில் கோணலாய் வளர்ந்த ஒரு மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தண்ணீர்க் குவளை. இவைதான் அவருக்குக் கிடைத்தவை. 1954ஆம் ஆண்டுவரை, 14 ஆண்டுகள், அதே ஜன்னலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இருந்த வெளிச்சம் மறுநாள் இல்லை என்பதை அந்தப் படங்களில் நாம் காண்கிறோம். 1976ஆம் ஆண்டு, 80 வயதில், அவர் காலமானார்.

சூடெக்கின் வாழ்க்கையை ஒரு மருத்துவச் சான்றாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. காமிரா அவரைக் குணமாக்கியது என்று சொல்லவும் நமக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. படமெடுக்கப் பெரிய காட்சி தேவையில்லை. அசையமுடியாமல் இருப்பவருக்கும் ஒரு ஜன்னல் போதும். கட்டிலைவிட்டு இறங்கமுடியாத நோயாளி, வெளியே போக நேரமில்லாமல் அவர் அருகிலேயே இருக்கும் மனைவி, வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள், இவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடம் உரியது.

3. படமெடுக்கும்போது மனதில் என்ன நடக்கிறது?

முதலாவது, நிற்கிறோம். எதைப் படமெடுப்பது என்று தேடும்போது, சுற்றிக்கொண்டிருந்த நினைவு ஒரு நிமிடமாவது வெளியே பார்க்கிறது.

இரண்டாவது, தெரிந்தெடுக்கிறோம். காமிராவின் சட்டத்துக்குள் எல்லாம் அடங்காது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தீர்மானம் எடுப்பதே பெரிய பாரமாயிருக்கும். இங்கே தவறாகப் போவதற்கு ஒன்றுமில்லாத ஒரு சிறிய தீர்மானத்தை அவர் தாமே எடுக்கிறார்.

மூன்றாவது, காத்திருக்கிறோம். மேகம் விலகட்டும், அணில் திரும்பி வரட்டும் என்று நிற்கிறோம். மூச்சு தானாகவே நிதானப்படுகிறது.

நான்காவது, காண்பிக்கிறோம். "இதைப் பாருங்கள்" என்று ஒருவரிடம் சொல்ல நமக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. பேச வார்த்தை வராதவருக்கு ஒரு படம் முதல் வார்த்தையாக அமையலாம்.

இப்படி நிதானமாகப் பார்ப்பது வேறு மார்க்கத்தாரின் தியான முறையல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். பறவைகளையும் காட்டுப் பூக்களையும் கவனித்துப் பார்க்கச் சொன்ன மலைப்பிரசங்கத்தை அறிந்த நமக்கு இது அந்நியமான காரியமல்ல. தாமஸ் மெர்ட்டன் என்ற துறவி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கெத்சமனே மடத்தில் 1941ஆம் ஆண்டு சேர்ந்து, தம் கடைசி ஆண்டுகளில் காமிராவோடு பழகினார். ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்ற நண்பர் அவருக்கு ஒரு காமிராவை இரவலாகக் கொடுத்திருந்தார். மர வேர், பழைய நாற்காலி, சுவரில் விழும் நிழல் போன்றவற்றையே மெர்ட்டன் பெரும்பாலும் எடுத்தார். 1968ஆம் ஆண்டு ஆசியப் பயணத்தில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்து, இலங்கையிலுள்ள பொலன்னறுவைக்கும் சென்றார். அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி பாங்காக் அருகே மரித்தார். ஜெபத்திலும் மவுனத்திலும் வாழ்ந்த ஒருவர், ஒரு பழைய நாற்காலியைப் பொறுமையோடு பார்ப்பதைத் தம் வாழ்க்கைக்கு விரோதமாக எண்ணவில்லை.

4. ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தில் 41 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டு, மூன்று வாரம் தினமும் ஒரு படம் எடுத்தார்கள். ஒரு பிரிவினர் புன்னகையோடு தங்களையே எடுத்தார்கள். இரண்டாம் பிரிவினர் தங்களுக்குச் சந்தோஷம் தருகிற ஒன்றை எடுத்தார்கள். மூன்றாம் பிரிவினர் வேறொருவருக்குச் சந்தோஷம் தரும் என்று எண்ணிய ஒன்றை எடுத்து அவருக்கு அனுப்பினார்கள். மூன்று பிரிவிலும் நல்ல மனநிலை கூடியது. தங்களுக்குப் பிரியமானதை எடுத்தவர்கள் அதிகமாகச் சிந்திக்கவும் நன்றியோடு பார்க்கவும் தொடங்கினார்கள். பிறருக்காக எடுத்தவர்கள் மன அமைதி அடைந்தார்கள். உறவு புதுப்பிக்கப்பட்டது அவர்களுடைய அழுத்தத்தைக் குறைத்தது. 41 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அவர்கள் நோயாளிகளும் அல்ல. இந்த முடிவை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளவேண்டும்.

இங்கிலாந்தில் லிஸ் புரூஸ்டர், ஆண்ட்ரூ காக்ஸ் என்ற இருவர், தினமும் ஒரு படமெடுத்துப் பிறரோடு பகிரும் பழக்கமுள்ளவர்களிடம் பேசி, 2018ஆம் ஆண்டு தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். தினசரி ஒரு படம் என்ற பழக்கம் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளவும், வெளியே நடக்கவும், தனிமையில் இருப்பவர்கள் மற்றவர்களோடு பேசவும், கடந்த நாட்களை நினைத்துப் பார்க்கவும் உதவியது என்று அவர்கள் கண்டார்கள்.

மறுபக்கத்தையும் நாம் அறிந்திருக்கவேண்டும். லிண்டா ஹெங்கல் என்ற உளவியல் பேராசிரியர் அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். சில பொருட்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படமெடுக்கவும் சொன்னார். 2014ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு நம்மை யோசிக்க வைக்கிறது. படமெடுத்த பொருட்களைவிட, வெறுமனே பார்த்த பொருட்களே மாணவர்களின் நினைவில் நன்றாக நின்றன. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிட்டது! ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை.

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் எத்தனை செல்போன்கள் உயருகின்றன என்பதை நினைத்துப்பாருங்கள். அவற்றில் எத்தனை படங்களை மறுபடி பார்க்கிறோம்? வேகமாக நூறு படம் எடுப்பதும், நின்று ஒரு படம் எடுப்பதும் ஒரே காரியமல்ல. மனதுக்கு உதவுவது, பொத்தானை அமுக்குமுன் நாம் நின்று பார்க்கிற அந்த ஒரு நிமிடமே.

5. காமிரா யார் கையில் இருக்கிறது?

இதுவரை காமிராவைத் தாமே பிடித்திருப்பவரைப் பற்றிப் பேசினோம். ஆனால் மனநோயாளிகளின் சரித்திரத்தில் காமிரா நெடுங்காலம் மற்றவர்கள் கையிலேயே இருந்தது. இங்கிலாந்தில் ஹியூ வெல்ச் டயமண்ட் என்ற மருத்துவர் 1848 முதல் 1858 வரை சர்ரே மனநோய் இல்லத்தில் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தார். புகைப்படம் புதிதாகத் தோன்றியிருந்த அக்காலத்திலேயே தம் நோயாளிகளைப் படமெடுத்தார். முகத்தைப் பார்த்து நோயின் தன்மையை அறியலாம் என்று நம்பினார். 1856ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியின் முன் இதைப்பற்றிக் கட்டுரை வாசித்தார். தங்கள் படத்தைத் தாங்களே காண்பது நோயாளிகள் சிலருக்கு நன்மை செய்தது என்றும் அவர் கூறினார். அவர் இரக்கமுள்ளவரே. ஆயினும் அந்தப் பெண்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் படமெடுக்க விரும்பியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் பார்க்கப்பட்டவர்களாகவே நமக்கு முன் நிற்கிறார்கள்.

ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப்பின், சீனாவின் யுன்னான் மாநிலத்தில் வேறொரு காரியம் நடந்தது. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு பெண்மணிகள் 1990களின் தொடக்கத்தில் 62 கிராமத்துப் பெண்களின் கையில் காமிராவைக் கொடுத்தார்கள். "உங்கள் வாழ்க்கையை நீங்களே படமெடுங்கள்" என்றார்கள். ஒரு படத்தில் தாய் வயலில் களையெடுக்கிறாள், குழந்தை வரப்போரத்தில் தனியே கிடக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத கிராமத்துத் தாயின் பாரம் அந்த ஒரே படத்தில் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. அந்தப் படங்களை வைத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். குழந்தைக் காப்பகம், தாதியர் பயிற்சி, பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கு அது வழிதிறந்தது. இம்முறை பின்னர் பல நாடுகளில் மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்களிடையேயும் பயன்படுத்தப்பட்டது.

நமது நாட்டிலும் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவருடைய புகைப்படத்தையோ வேறு விவரத்தையோ அவருடைய சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுக்கக்கூடாது.

உதவிசெய்யும் நண்பர்களாகிய நீங்களும் இதில் பங்குள்ளவர்கள். காணிக்கை கொடுப்பவர்களுக்கு வரும் மடல்களில் நோயாளியின் முகம் இருந்தால் மனம் உருகுகிறது. அது இயல்பே. ஆனால் குணமடைந்து ஊருக்குத் திரும்பிய ஒரு பெண், தன் மகளுக்கு வரன் பார்க்கும் நாளில், அந்தப் பழைய படம் யாரோ ஒருவர் செல்போனில் சுற்றிவந்தால் அவள் நிலைமை என்ன? ஆகையால் முகமில்லாத செய்தி வரும்போதும் அதே அன்போடு வாசியுங்கள், அதே உற்சாகத்தோடு கொடுங்கள். நோயாளியின் முகத்துக்குப் பதிலாக, அவர் தாமே எடுத்து மனப்பூர்வமாய்க் கொடுத்த ஒரு செம்பருத்திப் பூவின் படம் உங்கள் கைக்கு வந்தால், அதை அவருடைய சாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

6. ஏழு நாள் பயிற்சி

இதை வீட்டிலோ, வாலிபர் கூட்டத்திலோ, மாதர் சங்கத்திலோ செய்துபார்க்கலாம். நாளொன்றுக்கு 10 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரே படம். பொத்தானை அமுக்குமுன் ஒரு நிமிடம் வெறுங்கண்ணால் பாருங்கள்.

முதல் நாள்: உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும் ஒரு வெளிச்சம். ஜன்னல் கம்பியின் நிழல், தரையில் விழும் வெயில், எதுவானாலும் சரி.

இரண்டாம் நாள்: தினமும் கையில் எடுத்தும் பாராத ஒரு பொருள். காப்பி டம்ளர், சாவிக்கொத்து, வாசல் துடைப்பம்.

மூன்றாம் நாள்: உயிருள்ள ஒன்று. எறும்பு, துளசி, காகம். அருகே போய் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள்.

நான்காம் நாள்: ஒரே நிறம். வீட்டுக்குள்ளோ தெருவிலோ பச்சை எங்கெங்கே இருக்கிறது என்று தேடி, ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.

ஐந்தாம் நாள்: உழைத்த கைகள். வீட்டில் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவருடைய கைகளை மட்டும் எடுங்கள். கேட்பதும் பயிற்சியில் ஒரு பங்கு.

ஆறாம் நாள்: வேறொருவருக்காக ஒரு படம். வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு, படுத்திருக்கும் தாத்தாவுக்கு, தனியே இருக்கும் அயலாருக்கு. அனுப்பும்போது ஒரு வரி எழுதுங்கள்.

ஏழாம் நாள்: முதல் நாள் எடுத்த அதே இடம். எது மாறியிருக்கிறது?

நோயாளிக்கு இதைச் செய்ய பெலன் இல்லாவிட்டால், நாம் அவருடைய கண்ணாக இருக்கலாம். "வீட்டில் எதைப் பார்க்க ஆசையாயிருக்கிறது?" என்று கேளுங்கள். கன்றுக்குட்டியா, வாசல் திண்ணையா, தான் வைத்த முருங்கையா? அதை நிதானமாக எடுத்துக் கொண்டுவந்து காட்டுங்கள். அருகில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டாம். "நன்றாயிருக்கிறது, சரியில்லை" என்பதைவிட "இதில் என்ன பார்த்தீர்கள்?" என்ற கேள்வி நல்லது.

7. எச்சரிப்புகள்

(அ) இது மருந்துக்குப் பதிலல்ல. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் காமிராவைக் கையிலெடுக்கச் சொல்லக்கூடாது. இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, அழுகை நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

(ஆ) உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அதை அற்பமாக எண்ணாதிருங்கள். அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதற்குக் கட்டணமில்லை.

(இ) தம்மை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயம் உள்ள நோயாளிகளுக்குக் காமிராவே பயத்தை உண்டாக்கும். அவர்களிடம் இதை வற்புறுத்தவேண்டாம். மருத்துவரைக் கேட்டபின் செய்யுங்கள்.

(ஈ) மருத்துவமனை வார்டில் மற்ற நோயாளிகளும் அவர்கள் உறவினரும் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வார்டு செவிலியரிடம் முன்னதாகவே கேளுங்கள்.

(உ) எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் பயிற்சி கெட்டுப்போகிறது. அயலாரின் அழகான படத்தைப் பார்த்து மனம் மறுபடியும் பழைய வட்டத்தில் சுற்ற ஆரம்பிக்கும். ஒருவருக்கோ இருவருக்கோ காட்டினால் போதும்.

8. கூடிப் பேசுவதற்கு

யுன்னான் பெண்கள் படங்களை வைத்துக்கொண்டு பேசிய முறையை ஒட்டி, உங்கள் குழுவில் ஒரு படத்தை நடுவில் வைத்து இவற்றைக் கேட்டுப்பாருங்கள்.

இந்தப் படத்தில் நாம் காண்பது என்ன?
உண்மையில் இங்கே என்ன நடக்கிறது?
இது நம்முடைய வாழ்க்கையோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது?
இந்த நிலை ஏன் ஏற்பட்டது?
நாம் இதற்கு என்ன செய்யலாம்?

ஐந்தாவது கேள்விக்கு வரும்போது அவசரப்படாதிருங்கள். படமெடுத்தவர் மனச்சோர்வில் இருப்பவரானால், அவரே முதலில் பேசட்டும். அவர் பேசாவிட்டால் மவுனமாயிருங்கள். அந்த மவுனத்தில் அவரோடு உட்கார்ந்திருப்பதும் ஒரு உதவியே.

அன்பானவர்களே, அடுத்தமுறை மனம் சோர்ந்த ஒருவரைப் பார்க்கப் போகும்போது பழத்தோடு இந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருடைய ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இங்கிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல நேரமாகலாம். காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை, காத்திருங்கள்.